மூளைக்கு ஒரு மூச்சுத் துளை

என் அக்கா கணவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது நிச்சயமில்லை. லாரிக்காரர்களுக்கும் வேன்காரர்களுக்கும் அவர் 'இன்னொருதடவை'. தார் ரோடு முடிந்து மண் ரோடு தொடங்கும் இடத்தில், இரண்டு ஷட்டர் போட்ட தகரக் கொட்டகைதான் எங்கள் ஒர்க்‌ஷாப். ஒரு ஷட்டருக்குள் நான். இன்ஜின், கியர், பிரேக் எல்லாம் என் பாடு. பக்கத்து ஷட்டருக்குள் மாமா. ஒயரிங், பேட்டரி, விளக்கு எல்லாம் அவர் பாடு. வேலை முடிந்து, வண்டிக்காரர் சாவியை வாங்கி, ஒரு காலையும் வண்டிக்குள் வைத்த பிறகு மாமா சொல்வார்: "இருங்க, இன்னொரு தடவை பாத்துடறேன்."

"அண்ணே, லைட் எரியறது என் கண்ணுக்கே தெரியுதே."

"இப்போ எரியுது."

அந்த 'இப்போ'வை அவர் சொல்கிற விதத்தில், கேட்கிறவருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். கடையைப் பூட்டினால் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். வீட்டில் அடுப்பை அணைத்தது அவரே என்றாலும், வேறு யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, "நல்லாப் பாத்தியா?" என்று ஒரு கேள்வி வேறு. பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அதைப் படித்துவிட்டு, கண்டக்டரைக் கேட்டுவிட்டு, உட்கார்ந்தபின் பக்கத்து சீட்காரரையும் கேட்பார். இவரோடு ஒரே கொட்டகையில் குப்பை கொட்டுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். அது என்னிடம் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்தவள் என் அக்கா. அப்போது அவள் பால் வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் வேனின் ஹார்ன் அடித்தது அடித்தபடி நிற்க மறுத்ததால் இவரிடம் வந்தாள். ஹார்ன் நின்றது, அவள் வருவது நிற்கவில்லை. கல்யாணப் பேச்சு வந்தபோது இவர், "உனக்கு நிஜமாவே சம்மதமா?" என்று கேட்டாராம். சம்மதம் என்றாளாம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாராம். "இன்னொரு தடவை கேட்டீங்கன்னா இல்லைன்னு சொல்லிடுவேன்" என்றாளாம். அவர் தன் வாழ்நாளில் இன்னொரு தடவை கேட்காமல் விட்ட ஒரே விஷயம் அதுதான் என்று அக்கா இப்போதும் சொல்லிச் சிரிப்பாள். தகரக் கொட்டகை அதிரும்படியான சிரிப்பு.

பால் வேனுக்குப் பிறகு பள்ளிக்கூட வேன், அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலைச் சரிவில் கல் குவாரியும் செங்கல் சூளையும், அங்கே வேலை செய்கிறவர்களின் குடியிருப்பும் இருக்கின்றன. பாலத்தின் நடுப்பகுதியை ஒரு வெள்ளம் கொண்டுபோய்விட்டது. புதுப் பாலம் வருகிறது என்றார்கள். தூண்கள் மட்டும் வந்து, வந்த வேலையை மறந்துவிட்டு நிற்கின்றன. அதனால் அந்தப் பக்கத்து நோயாளிகளை ஆற்றுக்குள் இறங்கித்தான் கொண்டுவர வேண்டும். தண்ணீருக்கு அடியில் பாறைத் தளம் ஒன்று குறுக்கே ஓடுகிறது, அக்காவுக்கு அது அத்துப்படி. இந்தக் கரையோரம் ஒரு குத்துக்கல் இருக்கிறது. அதன் தலை தெரிந்தால் வண்டியை இறக்கலாம், முங்கிவிட்டால் இறக்கக் கூடாது. இது அக்கா தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம்.

அந்தப் பக்கத்திலிருந்து வாடிக்கையாக வருகிறவர் ஒருவர் உண்டு. சூளைக்குப் பின்னால் குடியிருக்கும் தையல்கார அம்மா. அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. குறித்த நாட்களில் ஆஸ்பத்திரிக்கு வந்து, மெஷின் பக்கத்தில் படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஒருமுறை தவறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். அடுத்த முறையும் தவறினால் என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பழைய ஜீப்புக்கு மூளை கிடையாது, முரட்டுத்தனம் மட்டும்தான். ஆற்றில் முக்கி எடுத்தாலும் ரெண்டு இருமல் இருமிவிட்டு ஓடும். புது ஜீப் அப்படியில்லை. டீசல் எவ்வளவு போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்க இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு அலுமினியப் பெட்டி, அதன் ஒரு பக்கத்தில் கட்டுக்கட்டாக ஒயர். நாங்கள் அதை மூளை என்போம். அதற்குள் ஒரு கரண்டித் தண்ணீர் போனால் போதும், அவ்வளவு பெரிய இன்ஜின் கையை விரித்துவிடும்.

போன மழைக்காலத்தில் நட்டாற்றில் அதுதான் நடந்தது. இன்ஜின் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. சீட்டு வரை தண்ணீர். அக்கா ஜன்னல் வழியாக வெளியே வந்து கூரை மேல் ஏறி உட்கார்ந்து கத்த, குவாரி டிராக்டர் வந்து சங்கிலி போட்டு இழுத்தது. நல்லவேளை, அப்போது வண்டியில் நோயாளி யாரும் இல்லை. அக்கா இதை வேடிக்கைக் கதையாகச் சொல்வாள். கதை தொடங்கும்போதே மாமா எழுந்து வெளியே போய்விடுவார். அந்தச் செய்தி வந்த நேரத்தில் அவர் கையில் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கம்பி இருந்தது. அதைப் போட்டது போட்டபடி ஓடினார். மேஜைப் பலகையில் அது கருக்கிய தழும்பு இன்னும் இருக்கிறது.

இந்த மழைக்கு முன்னாலேயே ஜீப்பைத் தன் ஷட்டருக்குள் இழுத்துவிட்டார். கம்பெனிக்காரன் மூளையை வைத்திருந்தது சக்கரத்துக்கு மேலே, சேறு தெறிக்கும் பள்ளத்தில். "மூளைய யாராவது முழங்கால்ல கொண்டுபோய் வைப்பாங்களா?" என்று திட்டிக்கொண்டே கழற்றினார். வண்டிக்குள்ளேயே, சீட்டுப் பக்கம் கொண்டுபோய்விடலாமே என்றேன். ஒயர் எட்டாது, ஒட்டுப்போட்டு நீட்டினால் ஒவ்வொரு ஒட்டுக்கும் அவருக்கு ஒரு ராத்திரித் தூக்கம் போகும். அதனால் பானெட்டுக்குள்ளேயே, முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தகட்டில், எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரத்தில், ரப்பர் துண்டு வைத்து மாட்டினார். ஒயர்க் கட்டை நேராக மேலே ஏற்றாமல், கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு ஏற்றினார்.

"ஒயரைப் பிடிச்சு வர்ற தண்ணி இந்த வளைவுல சொட்டிடும் மாப்ள. நேரா விட்டா அது நேரா மூளைக்குத்தான் போகும்."

ஒவ்வொரு பின்னுக்கும் கிரீஸ் வைத்தார். நான் என் பங்குக்கு, இன்ஜின் காற்றிழுக்கும் குழாயைக் கூரை உயரத்துக்கு ஏற்றிக் கொடுத்தேன். எல்லாம் கச்சிதம். மனுஷன் அதோடு விட்டாரா? சிலிகான் பசையை எடுத்துக்கொண்டு பெட்டியின் விளிம்பெல்லாம் பூசினார். பெட்டியைத் திருப்பினால் அடியில் மிளகு அளவுக்கு ஒரு துளை. உள்ளே வெள்ளையாக ஏதோ படலம்.

"தண்ணியே போகக் கூடாத பெட்டிக்கு எதுக்கு ஓட்டை?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அடைத்தார். காய்ந்ததும் இன்னொரு தடவை அடைத்தார்.

பிறகு சோதனை. பானெட்டைத் திறந்து போட்டுக்கொண்டு ஹோஸ் பைப்பால் அடித்தார். அக்கா ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருப்பாள். திறந்த பானெட் மறைப்பதால் அவளுக்கு இவர் முகம் தெரியாது. அதனால் அவர்களுக்குள் ஒரு கைப் பாஷை உண்டு. பக்கவாட்டில் நீட்டிய கையை முஷ்டியாக மூடினால், இன்ஜினை நிறுத்து. விரலைச் சுற்றினால், ஸ்டார்ட் பண்ணு. ஹார்னுக்கும் விளக்குக்கும் தனித்தனியாக உண்டு. கிளம்பு என்பதற்கு மட்டும் அவரிடம் சைகையே கிடையாது. கிளம்பலாம் என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. அக்காவே ஒரு கட்டத்தில் பொறுமை இழந்து வண்டியை எடுப்பாள். இவர் நாலு எட்டு கூடவே ஓடிக் குனிந்து எதையாவது பார்ப்பார்.

அந்த ஜீப் மழைக்காலத்தில் ஓடத் தொடங்கியது. முதல் சில முறை ஆற்றில் தண்ணீர் சக்கரம் நனைகிற அளவுக்குத்தான். அதற்கப்புறம் ஒரு பெருமழை வந்து குத்துக்கல் முங்கிப்போனது. அன்றைக்குத் தையல்கார அம்மாவின் முறை தவறிவிட்டது.

அடுத்த முறை வந்த காலையில் எங்கள் பக்கம் தூறல்தான். ஆற்றில் தண்ணீர் வடிந்திருக்கிறது என்று செய்தி வந்ததும் அக்கா கிளம்பிவிட்டாள். மாமா வழக்கம்போல் கூட ஓடினார். எனக்கு அன்றைக்கு வேலை இல்லை. அவருக்கும் இல்லை. சும்மா இருக்க முடியாதவர், போன வருஷம் ஆற்றில் செத்ததால் புதுசு போட்டுவிட்டுக் கழற்றி வைத்திருந்த பழைய மூளையை மேஜையில் வைத்து பிளேடால் அறுக்கத் தொடங்கினார்.

"செத்ததை எதுக்கு மாமா அறுக்கறீங்க?"

"எப்படிச் செத்துச்சுன்னு தெரிய வேண்டாமா?"

மூடியைப் பெயர்த்தார். உள்ளே, ஒயர் வந்து சேரும் பின்களின் அடியில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. அங்கிருந்துதான் அது உள்ளே பரவியிருந்தது. அடியில் இருந்த மிளகுத் துளையைச் சுற்றி ஒரு கறையும் இல்லை. வெள்ளைப் படலம் அப்படியே புதுசாக இருந்தது. மாமா அதை நகத்தால் தொட்டுப் பார்த்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். அது படலத்தின் மேலேயே முத்தாக நின்றது.

"தண்ணி இந்தப் பக்கமா வரலையே," என்றார். "இது தண்ணிய விடலை. அப்போ இதை எதுக்கு வச்சான்?"

"எனக்குப் பசிக்குது மாமா."

அக்கா விடியற்காலையிலேயே சமைத்து எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவில் கட்டிக் கொடுத்திருந்தாள். அதன் மூடி வரமாட்டேன் என்றது. நான் இழுத்தேன், அவர் பிடித்துக்கொள்ள மறுபடி இழுத்தேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சூடா வச்சு மூடாதே, ஆற விட்டு மூடுன்னு அக்காகிட்ட எத்தனை தடவை சொல்றது? உள்ள ஆறினதும் மூடிய இழுத்துக்குது."

ஸ்க்ரூ டிரைவரை விளிம்பில் கொடுத்து நெம்பினேன். 'உஸ்' என்று ஒரு சத்தம். மூடி கையோடு வந்தது. நான் தட்டை எடுத்து நிமிர்ந்தால், மாமா சாப்பாட்டைப் பார்க்கவில்லை. மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"மாப்ள, நான் ஓட்டைய அடைச்சுட்டேன்."

"தெரியுமே. ரெண்டு தடவை அடைச்சீங்க."

"அது மூச்சு விடற ஓட்டை. மலை ஏறி இறங்கி வரும்போது இன்ஜின் சூட்டுல மூளையும் கொதிச்சுப்போயிருக்கும். அப்படியே ஆத்துல இறங்கினா மேல பச்சைத் தண்ணி அடிக்கும். உள்ள இருக்கற காத்து சுருங்கும். காத்து வர்ற வழிய நான் அடைச்சாச்சு. அது சும்மா இருக்குமா? கிடைக்கற வழியில இழுக்கும்."

"எந்த வழியில?"

"ஒயர் வழியா. தண்ணியச் சேத்து இழுக்கும்."

"ஹோஸ் பைப்ல அத்தனை தடவை அடிச்சுப் பாத்தீங்களே!"

"ஆறின இன்ஜின்ல அடிச்சேன்," என்றார்.

நான் தட்டைக் கீழே வைத்தேன். இத்தனை நாள் இந்த மனுஷன் பயந்ததெல்லாம் வீண் என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தவன் நான். பயம் எப்படித் தொற்றும் என்பது அப்போது தெரிந்தது. காலையில் தண்ணீர் குறைவு, அதனால் அக்கா போகும்போது ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் மலைப் பக்கம் வானம் கன்னங்கரேலென்று இருந்தது. அங்கே கொட்டுகிற மழை கொஞ்ச நேரத்துக்குள் ஆற்றுக்கு வந்துவிடும். திரும்பி வரும்போது வண்டியில் அக்கா மட்டும் இருக்கமாட்டாள். மாமா போன் போட்டார். கிடைக்கவில்லை. இன்னொரு தடவை போட்டார். அந்தக் கரையில் எப்போதும் சிக்னல் கிடைக்காது என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அவர் போட்டுக்கொண்டே இருந்தார்.

நான் பைக்கை எடுத்தேன். என் பின்னால் உட்கார்ந்தால் வழி நெடுக "மெதுவா, மெதுவா" என்று தோளைப் பிடித்து அழுத்துகிற ஆள் அவர். அன்றைக்கு "என்ன மாப்ள உருட்டறே, முறுக்கு" என்றார். கடையைப் பூட்டவில்லை என்று பாதி வழியில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும். வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை.

கரைக்குப் போனபோது ஆறு காபி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. குத்துக்கல்லின் தலை இன்னும் வெளியே இருந்தது. எதிர்க்கரையில் குவாரிச் சரிவில் ஜீப் இறங்கி வந்துகொண்டிருந்தது. முதல் கியரில் இன்ஜின் முக்கிக்கொண்டு இறங்குவது இங்கே வரை கேட்டது. மேடு ஏறிவிட்டு, காற்றுப் படாமல் அப்படி ஊர்ந்து இறங்கினால் எவ்வளவு சூடாகும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஜீப் தண்ணீர் ஓரத்தில் நின்றது. அக்கா இறங்கி, முன்பக்கம் படுதாவைக் கட்டத் தொடங்கினாள். ரேடியேட்டர் பக்கம் தண்ணீர் நேராக மோதாமல் இருக்க அவள் எப்போதும் கட்டுகிற படுதா. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கட்டி முடித்தால் ஏறி உட்கார்ந்து இறக்கிவிட வேண்டியதுதான்.

நான் கத்தினேன். ஆற்றுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மாமா கத்தவில்லை. தண்ணீர் ஓரம் வரை ஓடிப்போய், வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி முஷ்டியை மூடினார்.

அக்கா படுதா முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். எங்களைப் பார்த்தாள். எதற்கு வந்திருக்கிறோம், என்ன விஷயம், ஒன்றும் கேட்கிற பாவனை இல்லை. கதவைத் திறந்து உள்ளே கையை விட்டாள். இன்ஜின் சத்தம் நின்றது.

மாமா இரண்டு உள்ளங்கையையும் மேலே தூக்கிக் காட்டினார். அவள் பானெட்டைத் திறந்தாள். அதற்கு மேல் சொல்ல அவர்களின் பாஷையில் வார்த்தை இல்லை. அடைப்பைப் பிய்த்தெடு என்று சொல்ல இவர் தன் தலையைத் தட்டிக் காட்டினார், உள்ளங்கையில் விரலால் சுரண்டிக் காட்டினார், மூக்கைப் பிடித்து விட்டுக் காட்டினார். அக்கா இரண்டு கையையும் விரித்தாள். 'மனுஷனுக்கு என்ன ஆச்சு' என்று அவள் முணுமுணுத்தது எனக்கு இங்கிருந்தே கேட்ட மாதிரி இருந்தது. வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"விடுங்க மாமா. ஆறினாப் போதும்தானே?"

"ஆறணும். நிறுத்தின உடனே சூடு முதல்ல ஏறும், அப்புறம்தான் இறங்கும்."

மறுபடி முஷ்டியை மூடித் தூக்கி, கையை இறக்காமல் நின்றார். குத்துக்கல் எங்களுக்கு இரண்டு எட்டு தள்ளி இருந்தது. முதலில் அது ஒரு சட்டி கவிழ்த்த அளவுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஒரு கிண்ணம் அளவுக்கு. மேலே இருந்து மரக்கிளைகள் வரத் தொடங்கின. ஜீப்பின் பின்சீட்டுப் பக்க ஜன்னலில் தையல்கார அம்மாவின் முகம் தெரிந்தது. அவர் வாயைத் திறந்து மூச்சு வாங்குவதை இவ்வளவு தூரத்திலிருந்து பார்த்திருக்க முடியாது. நான் பார்த்தேன் என்றே எனக்கு நினைப்பு.

இப்போது வரச் சொன்னால் மூளைக்குள் தண்ணீர் இழுத்து, நட்டாற்றில் வண்டி நின்றுபோகலாம். கூரையில் ஏறி உட்கார அந்த அம்மாவால் முடியாது. காத்திருந்தால் கல் முங்கிவிடும். முங்கினால் அக்கா இறக்கமாட்டாள். அந்த அம்மாவுக்கு இரண்டாவது முறையும் தவறிவிடும்.

"மாமா, போதும். வரச் சொல்லுங்க."

"இன்னும் ஆறலை."

"இங்கேர்ந்து எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"தெரியாது. அதான் சொல்றேன்."

"ஆறு ஏறுது, கண்ணு தெரியலையா? இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு நின்னா கல்லு போயிடும்! அதுக்கப்புறம் மூளை ஆறினா என்ன, ஆறலைன்னா என்ன?"

அவர் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். கல்லைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், மறுபடி கல்லைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்: இன்னொரு தடவை, இன்னொரு தடவை. அந்த ஆளைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

கல் ஒரு உள்ளங்கை அளவுக்கு வந்தபோது அவர் முஷ்டியைப் பிரித்தார். விரலைச் சுற்றினார். எதிர்க்கரையில் பானெட் மூடியது, இன்ஜின் சத்தம் வந்தது. பிறகு அவர் செய்ததை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை. இரண்டு கைகளையும் முழுசாக நீட்டி, தன் நெஞ்சை நோக்கி இழுத்தார். வா என்று.

ஜீப் உடனே இறங்கவில்லை. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு இறங்கியது.

படுதாவுக்கு முன்னால் தண்ணீர் மடிந்து எழுந்தது. சக்கரம் மறைந்தது, பம்பர் மறைந்தது. பாறைத் தளத்தின் நடுவில் பள்ளம் ஒன்று உண்டு. அங்கே வந்ததும் ஒரு அலை பானெட் மேலேயே ஏறி முன்கண்ணாடியில் அடித்தது. மூளை இருக்கிற இடம் அதுதான். மாமா கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை, காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றேன். இன்ஜின் சத்தம் ஒரு தடவை தடுக்கியது. மறுபடி பிடித்துக்கொண்டது. இன்னொரு தடவை தடுக்கியது. நான் என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. கெட்ட வார்த்தையாகத்தான் இருக்கும். அப்புறம் முன்சக்கரம் இந்தக் கரைச் சேற்றைக் கவ்விக்கொண்டு மேலே ஏறியது. திரும்பிப் பார்த்தால் கல்லின் தலை இருந்த இடத்தில் ஒரு சுழி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா நிறுத்தவில்லை. எங்களைத் தாண்டும்போது, "பின்னாலயே வாங்க!" என்று ஜன்னல் வழியாக ஒரு சத்தம், அவ்வளவுதான். ஜீப் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தையல்கார அம்மாவைச் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் கதவருகில் திரும்பி, "மழை விட்டதும் என் மெஷினுக்கும் எண்ணெய் போடணும், உன் வீட்டுக்காரரை வரச் சொல்லும்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனாராம். அவருடைய தையல் மெஷினைச் சொல்கிறார். மூச்சு வாங்கிக்கொண்டே அதற்கும் ஆர்டர்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் மாமா பானெட்டைத் திறந்தார். பெட்டி சில்லென்று இருந்தது. பின்களைக் கழற்றினால், கிரீஸுக்கு நடுவே இரண்டு மூன்று நீர்முத்து. உள்ளே போகிற வழியில் நின்றிருந்தன. அவர் பெட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்கினார். சத்தம் இல்லை. இன்னொரு தடவை குலுக்கினார். இந்தத் தடவை நான் கேலி பண்ணவில்லை. பிறகு பெட்டியைக் கவிழ்த்து, பிளேடு நுனியால் துளை மேலிருந்த பசையைக் கிளப்பினார்.

'உஸ்'.

சின்னச் சத்தம்தான். மூன்று பேருக்கும் கேட்டது. மத்தியானம் டப்பா மூடி போட்ட அதே சத்தம்.

"என்ன அது?" என்றாள் அக்கா.

மாமா எல்லாவற்றையும் சொன்னார். துளை, சூடு, டப்பா, ஹோஸ் பைப், ஒன்று விடாமல். சொல்லி முடித்துவிட்டு, "நானே உன்னை ஆத்துக்குள்ள தள்ளிவிடப் பாத்தேன்" என்றார். அழுதுவிடுவார் போல இருந்தது.

அக்கா வழக்கமான சிரிப்பைச் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஜீப்பின் படியில் உட்கார்ந்தாள்.

"நீங்க கையை மூடினப்போ எனக்கு ஒண்ணும் பயமில்ல," என்றாள். "எதையோ பாத்துட்டீங்க, பாத்து முடிக்கட்டும்னு நின்னேன். அப்புறம் வான்னு கூப்பிட்டீங்களே, அதுலதான் எனக்கு உசிரே போச்சு. இத்தனை வருஷத்துல நீங்க என்னை ஒரு தடவை கிளம்புன்னு சொன்னதில்ல. இவரே கூப்பிடறாருன்னா ஆறு எவ்வளவு ஏறியிருக்கணும்னு நினைச்சேன். கால் கிளட்ச்சுல நிக்கல."

கரையில் ஜீப் ஒரு கணம் தயங்கி நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. மாமா அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டார். இடம் போதாது. இருந்தும் இருவரும் எழுந்திருக்கவில்லை. நான் பைக்கைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போனேன்.

அன்று ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பினால், திறந்து கிடந்த கடையில் ஒரு ஸ்பேனர்கூடக் காணாமல் போகவில்லை. சோற்றை மட்டும் காக்கை தின்றிருந்தது.

இப்போது மூளையின் துளையிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று என் காற்றுக் குழாயோடு சேர்ந்து கூரை வரை ஏறுகிறது. சூடான இன்ஜினை ஓடவிட்டு, அதன் மேல் ஹோஸ் பைப்பை அடித்துத்தான் சோதனை. ஆற்றோரம் போனால் அக்கா இன்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து ஆறவிட்டுத்தான் இறக்குகிறாள். அதற்கு மேலும் தையல்கார அம்மாவின் முறை வருகிற ஒவ்வொரு காலையிலும் மாமா பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறார். அக்கா ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு காத்திருக்கிறாள். முன்னெல்லாம் அவள் இப்படிக் காத்திருந்ததே கிடையாது.

"என்னங்க, எப்படி இருக்கு?" என்று உள்ளேயிருந்து கேட்பாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்பார் மாமா. "ஆனா எனக்குப் பயமா இருக்கு."

"அப்போ போயிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை எடுப்பாள்.